நன்னாரி பாகு பொங்குதா, வாசனை வரலியா, கட்டிக்கிச்சா: எது ஆச்சுன்னு பார்த்து சரி பண்ற வழி

சித்திரை பொறக்கறதுக்கு முன்னாடியே நம்ப வேலூர், காட்பாடி, ஆற்காடு பக்கம் பல வீட்ல நன்னாரி பாகு காய்ச்சி பாட்டில்ல ஊத்தி வெச்சிடுவாங்க, அக்னி நட்சத்திரம் வர்றதுக்குள்ள அதுல பாதி வீட்ல இருந்து "இன்னாக்கா இப்டி ஆயிடுச்சி"ன்னு எனக்கு போன் வந்துடும். கேக்கறதும் வருஷா வருஷம் அதே கேள்விதான். பாட்டில் பொங்குது, வாசனை இல்ல, கசக்குது, அடியில சர்க்கரை கட்டிக்கிச்சி. தனித்தனியா பதில் சொல்லிக்கினு இருக்கறதுக்கு பதிலா ஒரே எடத்துல எழுதி வெச்சிடறேன், உங்களுக்கு எது ஆயிருக்கோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். எசென்ஸ் ஊத்தி, கலர் ஊத்தி சரி பண்ணலாம்னு எறங்காதீங்க. கோளாறு பெரும்பாலும் மூணு எடத்துலதான் இருக்கும்: சர்க்கரைக்கும் தண்ணிக்கும் உள்ள அளவு, மூடாம கொதிக்க விட்டது, ஈரம். அதை விட்டுட்டு மத்ததுக்கு துட்டு செலவு பண்ணாதீங்க.

## மொதல்ல அளவு, அப்பால எடை

இதைப் படிக்காம கீழ போனா பாதி புரியாது.

நல்ல வேர் 100 கிராம். மண்ணு போக கழுவி, அம்மில இல்ல உரல்ல லேசா தட்டி, நடுவுல இருக்கற வெளுத்த கட்டைய எடுத்துப் போட்டுட்டு, மேல்பட்டைய மட்டும் எவர்சில்வர் குண்டான்ல போட்டு ஒரு லிட்டர் கொதிக்கற தண்ணிய ஊத்தி டைட்டா மூடி வெக்கணும். ராத்திரி ஊறினதை காலைல வடிகட்டி, அதுல 600 மில்லி எடுத்துக்கினு ஒரு கிலோ சர்க்கரை. சிட்ரிக் ஆசிட் ஒரு டீஸ்பூன், இல்லன்னா ரெண்டு எலுமிச்சம்பழச் சாறு. சர்க்கரை கரைஞ்சி கொதி வந்து அஞ்சு நிமிஷம், அவ்ளோதான். ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல பாகு கிடைக்கும், அதோட எடையில 65 சதவீதம் பக்கம் சர்க்கரையா நிக்கணும். அதுக்குக் கீழ எறங்க எறங்க கெட்டுப்போகும், 70-ஐத் தாண்டினா கட்டும். இந்த நடுவுல இருக்கற சின்ன எடத்துலதான் நம்ப நிக்கணும்.

எங்க நிக்கறோம்னு தெரிஞ்சிக்கறதுக்கு கம்பிப் பதம் பார்த்துக்கினு நிக்க வேணாம், அது அதிரசத்துக்கு சரி, இதுக்கு ஒரு கம்பி வந்துட்டாலே ஓவர். வீட்ல மாவு எடை போடற சின்ன டிஜிட்டல் தராசு இருந்தா போதும். ஒரு கண்ணாடி டம்ளர தராசுல வெச்சி ஜீரோ பண்ணிட்டு சரியா 200 கிராம் தண்ணி ஊத்தி, தண்ணி நிக்கற எடத்துல மார்க்கர் பேனால கோடு போட்டுக்கோங்க. தண்ணிய கொட்டி நல்லா தொடச்சிட்டு, ஆறின பாகை அதே கோடு வரைக்கும் ஊத்தி எடை பாருங்க.

260-ல இருந்து 266 கிராம் காட்டினா சரியா இருக்கு. 255-க்குக் கீழன்னா தண்ணியா இருக்கு, நாளைக்கோ அடுத்த வாரமோ பொங்கும். 270 காட்டினா கட்டப்போகுது. சூடா இருக்கறப்போ பார்த்தா கம்மியா காட்டும், அதை நம்பி இன்னும் காய்ச்சினா கெட்டியாயிடும், அதனாலதான் ஆறினதுன்னு அழுத்தி சொல்றேன்.

கீழ "எடை செக்"னு எங்க சொன்னாலும் இதைத்தான் சொல்றேன்.

## பாட்டில் தொறந்தா புஸ்ஸுனு சத்தம், நுரை, புளிச்ச வாசனை

போன்ல மொதல் எடம் இதுக்குத்தான். பாகு உள்ளாற ஈஸ்ட் பூந்து சர்க்கரைய தின்னுக்கினு கீது, அதுல வர்ற காத்துதான் அந்த புஸ்ஸு. கள்ளு வாசனை, இல்ல பழைய பழ வாசனை வந்தா சந்தேகமே வேணாம்.

மொதல்ல பாட்டில கவனிங்க. பிளாஸ்டிக் பாட்டில்னா உப்பியிருக்கும், அமுக்கினா டைட்டா இருக்கும். கண்ணாடி பாட்டில் உப்பாது, நேரா வெடிக்கும். அதை கையில ஆட்டாதீங்க, பசங்கள தள்ளி நிக்க வெச்சிட்டு, மேல கனமான துணிய போட்டு சிங்க்ல வெச்சி மூடிய கொஞ்சம் கொஞ்சமா லூஸ் பண்ணி காத்த விடுங்க.

பொங்கின பாகை என்ன பண்றது? கொட்டிடுங்க. திரும்ப கொதிக்க வெச்சா சரியாயிடும்னு சொல்வாங்க, நுரை நிக்கும், ஆனா அந்த புளிச்ச ருசி போகாது, வேற என்னென்ன உள்ள வளர்ந்துச்சின்னும் நமக்குத் தெரியாது. ஒரு கிலோ சர்க்கரைக்காக அந்த ரிஸ்க் வேணாம். ஆனா அதே நாள் காய்ச்சின மத்த பாட்டில் இன்னும் பொங்காம இருந்தா அதைக் காப்பாத்தலாம், அதுக்கு காரணத்தைக் கண்டுபிடிக்கணும்.

ஈரம் பட்டுச்சா? பாட்டில கழுவி கவுத்து வெச்சி, வெளிய காஞ்சிருக்கேன்னு உள்ள ஊத்தியிருப்பீங்க. கழுத்துக்குக் கீழ ரெண்டு சொட்டு நின்னாலே போதும். பாட்டில கொதிக்கற தண்ணில கழுவி, ஒரு நாள் பூரா வெயில்ல காய வெக்கணும், அதுக்குத்தான் நம்ப ஊர்ல வெயிலுக்குப் பஞ்சமே இல்லியே. அப்பால கரண்டி. வீட்ல நாலு பேர் இருந்தா ஒருத்தர் கண்டிப்பா ஈரக் கரண்டிய உள்ள விடுவாங்க, அதனால கரண்டியே போட முடியாத மாதிரி வாய் சின்ன பாட்டில்ல ஊத்தி வெச்சிடுங்க.

மூடி உள்பக்கம் வேர்த்திருக்கா? பாகு சூடா இருக்கறப்பவே மூடிட்டா ஆவி மேல போய் மூடில நீரா நின்னு திரும்ப பாகு மேலயே சொட்டும். மொத்த பாகும் கெட்டியா இருந்தாலும் மேல ஒரு விரக்கடை மட்டும் தண்ணியா நிக்கும், அங்கதான் ஆரம்பிக்கும். சுத்தமான துணியால வாய மூடி முழுசா ஆற விட்டு அப்பால மூடுங்க. பிளாஸ்டிக் பாட்டில்ல சூடா ஊத்தவே ஊத்தாதீங்க, அது வளைஞ்சி சுருங்கிடும்.

எடை செக் பண்ணீங்களா? 255-க்குக் கீழ இருந்தா காரணம் அதுதான். "ஒரு டம்ளர் சர்க்கரைக்கு ஒரு டம்ளர் தண்ணி"ன்னு காய்ச்சினவங்க எல்லாருக்கும் இது வரும், சர்க்கரைய டம்ளர்ல அளந்தா நடுவுல காத்து நிக்கும், எடை கம்மி. உதாரணத்துக்கு உங்க டம்ளர்ல 252 காட்டினா பாகுல சர்க்கரை 55 சதவீதம்தான் இருக்கு, லிட்டருக்கு 350 கிராம் சர்க்கரை சேர்த்து ஒரு கொதி விட்டு எறக்கினா சரியான எடத்துக்கு வந்துடும். இது இன்னும் பொங்காத பாட்டிலுக்கு மட்டும்.

ஊற வெச்சதே புளிச்சிருக்குமா? இதை யாரும் யோசிக்க மாட்டாங்க. மே மாசம் பகல்ல 40 டிகிரிய தாண்டற ஊரு, ராத்திரியும் சமையல்கட்டு அடுப்பு மாதிரி கொதிக்கும். பச்சைத் தண்ணில வேரை போட்டு பன்னெண்டு மணி நேரம் வெளிய வெச்சா காலைல மேல சின்ன சின்ன குமிழ் நிக்கும், மோந்தா லேசா புளிப்பு. அதை வெச்சி காய்ச்சினா ருசி மொதல் நாளே போயிடும். கொதிக்கற தண்ணி ஊத்துங்க, ஆறினதும் ஃப்ரிட்ஜ்ல தள்ளிடுங்க.

வெல்லம் போட்டீங்களா? வெல்லத்துலயும் கருப்பட்டிலயும் ஏற்கனவே ஈரம் இருக்கு, தூசியும் இருக்கு, அதனால சர்க்கரை கணக்கு அங்க ஒத்து வராது. ருசி என்னவோ பிரமாதம்தான், மறுக்கல. கரைச்சி வடிகட்டி, கொஞ்சமா காய்ச்சி ஃப்ரிட்ஜ்ல வெச்சி ரெண்டு வாரத்துல முடிச்சிடுங்க. சுகர் இருக்கறவங்களுக்குன்னு சர்க்கரையே இல்லாம போடறவங்களும் இருக்காங்க. சர்க்கரைதான் இங்க காவல், அது இல்லன்னா பாகு இல்ல, வெறும் கஷாயம். அதை ஐஸ் ட்ரேல ஊத்தி ஃப்ரீஸர்ல கட்டி வெச்சி ஒவ்வொண்ணா எடுத்துக்கோங்க.

இவ்ளோவும் சரியா இருந்தும் பொங்குதுன்னா, இல்ல வெளியூருக்கு பார்சல் அனுப்பணும்னா, கெடாம இருக்கறதுக்குப் போடற சோடியம் பென்சோயேட் போடலாம். லிட்டருக்கு அரை கிராம், கண்ணால பார்த்து ஒரு சிட்டிகை போடற வேலை இல்ல, நகை எடை போடற மாதிரி சின்ன தராசு வேணும். புளிப்பு இருந்தாதான் அது வேலை செய்யும், சிட்ரிக் ஆசிட் போடாத பாகுல அதைக் கொட்டி பிரயோஜனமே இல்ல. வீட்டுக்குன்னா எனக்கு அது தேவைன்னு தோணல. பாகுல சர்க்கரை எத்தனை சதவீதம்னு இன்னும் துல்லியமா வேணும்னா ரிஃப்ராக்டோமீட்டர்னு ஒரு கருவி ஆன்லைன்ல விக்குது, வாங்கறவங்க ஒண்ணு பாருங்க, 0-ல இருந்து 32 வரைக்கும் காட்டறதுதான் நெறய வரும், அது கரும்புச்சாறு, பழச்சாறுக்கு. பாகுக்கு 58-ல இருந்து 90 வரைக்கும் காட்டறது வேணும்.

எப்ப வெளி ஆள்: அக்கம்பக்கம் குடுக்கறதை விட்டு விக்க ஆரம்பிச்சிட்டீங்கன்னா உணவு பாதுகாப்புத் துறைல பதிவு பண்ணித்தான் ஆகணும், பாகை லேப்ல குடுத்து டெஸ்ட் பண்ணிக்கறதும் நல்லது. விக்கற சரக்கு ரெண்டு தடவை பொங்கிச்சின்னா அதுக்கு மேல வீட்டு வைத்தியம் பார்க்காதீங்க.

நடுவுல ஒண்ணு. இங்கிலாந்துல இருக்கற நம்ப ஊர் பொண்ணு ஒண்ணு அங்க ஜூன் மாசத்துல பூக்கற எல்டர்ஃப்ளவர்னு ஒரு வெள்ளைப் பூவுல கார்டியல்னு நம்ப பாகு மாதிரி ஒண்ணு போட்டு, பாட்டில் பொங்குது சித்தின்னு கேட்டுச்சி. வழி இதேதான். பூவுலயே இயற்கையா ஈஸ்ட் ஒட்டிக்கினு இருக்கும், அதை வேர் மாதிரி வேக வெக்காம சர்க்கரைப் பாகுல எலுமிச்சம்பழத்தோட ஒரு நாள் ஊற மட்டும்தான் விடுவாங்க, அதனால நம்பளதை விட சீக்கிரம் பொங்கும். வடிகட்டினதும் சூடு பண்ணு, சிட்ரிக் ஆசிட் குறைக்காத, எடை செக் பண்ணு, ஃப்ரிட்ஜ்ல வெய்யின்னு சொன்னேன். அதோட காம்பையும் எலையையும் நல்லா ஆய்ஞ்சி எடுத்துடணும், அதுல விஷச் சத்து இருக்கு, பூ மட்டும்தான் போகணும்.

## மேல வெள்ளையா, பச்சையா பூத்திருக்கு

பூஞ்சை. கரண்டியால வழிச்சிட்டு கீழ இருக்கறதை குடிக்கலாமான்னு கேக்காதீங்க, முழு பாட்டிலும் வெளிய போகணும். காரணம் மேல சொன்ன ஈரமும் வேர்த்த மூடியும்தான், ரெண்டையும் பாருங்க. அந்த மூடிய திரும்ப யூஸ் பண்ணாதீங்க, உள்ள இருக்கற அட்டை வட்டத்துல பூஞ்சை ஒட்டிக்கினு இருக்கும்.

## வாசனையே இல்ல, வெறும் சர்க்கரைத் தண்ணி மாதிரி கீது

வாசனை எங்க போச்சின்னு கண்டுபிடிக்க மொதல்ல மிச்சம் இருக்கற வேர்ல ஒண்ணை எடுங்க. நகத்தால மேல்தோலை கீறி மோந்து பாருங்க.

கீறினா நல்லா மணக்குது, ஆனா பாகுல இல்ல: காய்ச்சினப்போ போயிடுச்சி. நன்னாரி வாசனை ஆவியோட கெளம்பிடற சரக்கு. தெரு முனை வரைக்கும் கமகமன்னு வாசனை வருதுன்னு சந்தோஷப்படுவாங்க, தெருவுக்குப் போனது பாட்டிலுக்கு வராது. வேரை திறந்த பாத்திரத்துல அரை மணி, முக்கா மணி கொதிக்க விட்டா மிஞ்சறது கலரும் துவர்ப்பும்தான். அதனாலதான் கொதிக்கற தண்ணிய ஊத்தி மூடி வெக்க சொல்றேன். அப்பால இன்னொரு வேலை பண்ணுங்க: 600 மில்லில 500-ஐ மட்டும் சர்க்கரையோட கொதிக்க வெச்சி, சிட்ரிக் ஆசிட் போட்டு, பாகு தயாரானதும் மீதி 100 மில்லிய ஊத்தி, ஒரு கொதி தொட்டதும் அடுப்ப அணைச்சி உடனே பாத்திரத்த மூடிடுங்க. அப்படியே ஆறட்டும். வித்தியாசம் மொதல் டம்ளர்லயே தெரியும். ஏற்கனவே வாசனை போன பாகு கையில இருந்தா அதைக் கொட்ட வேணாம், புதுசா கொஞ்சம் வேரை 100 மில்லி தண்ணில கெட்டியா ஊற வெச்சி இதே மாதிரி கடைசில சேர்த்து, எடை செக் பண்ணி, குறைஞ்ச சர்க்கரைய போட்டுக்கோங்க.

கீறினா லேசா வருது: வேர் பழசு, இல்ல உள்கட்டைய எடுக்காம மொத்தமா எடை போட்டிருக்கீங்க. வாசனை பூரா மேல்பட்டைலதான், நடுக்கட்டைல ஒண்ணும் இல்ல. தடிச்ச வேர் பார்க்க கனமா நல்லா இருக்கும், ஆனா அதுல பாதி கட்டை. மெல்லிசா, முறுக்கிக்கினு, கருஞ்சிவப்பா இருக்கற வேரைத்தான் எடுக்கணும், அதுல கட்டைய விட பட்டை ஜாஸ்தி. நன்னாரி பவுடர்னு பாக்கெட்ல வர்றது வேணவே வேணாம், அரைச்ச அன்னிக்கே வாசனை கெளம்பிடும், பாகும் கலங்கும்.

கீறினா வேற வாசனை, இல்ல ஒண்ணுமே இல்ல: அது நன்னாரியே இல்லாம இருக்கலாம். ஒண்ணு மாகாளிக் கிழங்கா இருக்கும், ஊறுகாய் போடுவோமே அதேதான், காய வெச்சி நறுக்கினா வாசனை கிட்டத்தட்ட ஒண்ணு, ஆனா தடிமனா சதைப்பத்தா இருக்கும், ஒரு துண்டு மென்னா நாக்கு சுறுசுறுன்னு இழுக்கும். அதுல பாகு போட்டாலும் குடிக்கலாம், கொஞ்சம் காரமா நிக்கும். இன்னொண்ணு வேற ஏதாவது காட்டுக்கொடியோட வேரா இருக்கும், அதுதான் ஆபத்து, பார்க்க அச்சு அசல் நன்னாரி மாதிரியே இருக்கும் ஆனா மணக்காது. மணக்காத வேரை "ஊறினா வரும்"னு நம்பி ஊற வெக்காதீங்க.

எப்ப வெளி ஆள்: இந்த மூணாவது கேஸ்ல மட்டும். வேலூர் லாங்கு பஜார் பக்கம் பழைய நாட்டு மருந்துக் கடை எதுலயாவது பெரியவர் யாராவது உக்காந்திருப்பாரு, வேரை அப்படியே எடுத்துக்கினு போய் "இது நன்னாரிதானா பாருங்க ஐயா"ன்னு கேளுங்க, ஒடைச்சி மோந்தே சொல்லிடுவாரு. இல்ல சித்த மருத்துவர் கிட்ட காட்டுங்க. ஜவ்வாது மலைப் பக்கம் இருந்து கூடைல கொண்டாந்து விக்கறவங்க கிட்ட வாங்கினாலும், வாங்கற எடத்துலயே ஒண்ணை கீறி மோந்துட்டு வாங்குங்க, அவங்க ஒண்ணும் கோச்சிக்க மாட்டாங்க.

## கசக்குது, தொண்டைய புடிக்குது

ஊத்தின ஒடனே நாக்கு நுனில கசப்பா, இல்ல முழுங்கின அப்பால தொண்டைல துவர்ப்பானு பாருங்க, ரெண்டும் வேற.

துவர்ப்புன்னா வேர் ஓவரா வெந்திருக்கு, இல்ல ரெண்டு நாள் ஊறியிருக்கு, இல்ல மிக்ஸில போட்டு கட்டையோட அரைச்சிட்டீங்க. பட்டைல இருக்கற துவர்ப்பு மொத்தமா எறங்கிடுச்சி. அளவு தாண்டிடுச்சின்னா திரும்ப எடுக்க முடியாது, வேர் போடாத வெறும் சர்க்கரைப் பாகை அதே கெட்டில காய்ச்சி பாதிக்குப் பாதி கலந்துக்கோங்க. வாசனை கொஞ்சம் கொறையும், குடிக்கறாப்ல இருக்கும்.

நாக்கு நுனில கருகின கசப்புன்னா சர்க்கரை அடிபிடிச்சிருக்கு. கலர் வரணும்னு சர்க்கரைய கருக்கி ஊத்தறவங்களுக்கு இது அடிக்கடி ஆகும், தேன் கலர் வந்ததும் எறக்காம காப்பி கலர் வரைக்கும் விட்டுடறது. அதுக்கு வைத்தியம் இல்ல.

ரெண்டும் இல்லாம தண்ணியே ஒரு மாதிரி உப்புக் கசப்பா இருக்குன்னா கலர் தலைப்புக்குப் போங்க.

## அடியில சர்க்கரை கட்டிக்கிச்சி

இது கெட்டுப்போகல, பயப்படாதீங்க. எடை செக்ல 270-ஐத் தாண்டியிருக்கும், கட்டின அப்பால மேல இருக்கறதை மட்டும் எடை போட்டா கம்மியா காட்டும், ஏமாறாதீங்க. சர்க்கரை அடியில எறங்கிட்டா மேல நிக்கற பாகு தண்ணியாயிடும், இன்னிக்கு கட்டற பாட்டில் நாளைக்கு பொங்கற பாட்டிலா மாறும், அதனால கெட்டுப்போகலன்னு சொன்னேன்னு அப்படியே விட்டுடாதீங்க.

பாட்டில வெதுவெதுப்பான தண்ணில நிக்க வெச்சி இளக்கி, மொத்தத்தையும் பாத்திரத்துக்கு மாத்தி, லிட்டருக்கு 50-ல இருந்து 75 மில்லி தண்ணியும் அரை மூடி எலுமிச்சைச் சாறும் விட்டு ஒரு கொதி. புளிப்பு சேர்ந்து கொதிச்சா சர்க்கரைல ஒரு பங்கு ஒடைஞ்சி, திரும்ப கட்டாம நிக்கும். சிட்ரிக் ஆசிட்டே போடாம காய்ச்சினவங்களுக்குத்தான் இது ஜாஸ்தி வருது. பாட்டில் வாயில ஒட்டின சர்க்கரைய தொடச்சிடுங்க, அதுல இருந்து ஒரு துணுக்கு உள்ள விழுந்தாலும் அங்கயிருந்து கட்ட ஆரம்பிக்கும்.

ஃப்ரிட்ஜ்ல மட்டும் கட்டுது, வெளிய வெச்சா சரியாயிடுதுன்னா ஒண்ணும் பண்ண வேணாம், வெளிய வைங்க.

## கலங்கலா கீது, அடியில மண்டி

பெரும்பாலும் மண்ணுதான். தண்ணில அலசறது பத்தாது, அரை மணி ஊற வெச்சி பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சி கழுவணும். அப்பால வெள்ளை வேட்டித் துணிய நாலா மடிச்சி வடிகட்டி, ஒரு மணி நேரம் தெளிய விட்டு, மேலாக ஊத்திக்கோங்க, அடியில நிக்கறதை பேராசைப்பட்டு ஊத்தாதீங்க. சர்க்கரை அழுக்கா இருந்தா கொதிக்கறப்போ நுரை மேல வரும், கரண்டியால எடுத்துடுங்க. அதுக்கு நம்ப வீட்ல ரெண்டு ஸ்பூன் பால் விடுவாங்க இல்ல, அதை சிட்ரிக் ஆசிட் போடறதுக்கு முன்னாடி செய்யணும்.

தெளிவா இருந்த பாகு ஒரு வாரம் கழிச்சி கலங்கினா அது மண்ணு இல்ல, பொங்கப் போகுது, மேல போங்க.

## கறுப்பாயிடுச்சி, இல்ல கலரே வரல

கலர் வரலன்னு கேக்கறவங்களுக்கு: கடை பாட்டில்ல பார்க்கற செக்கச்செவேல் கலர் வேர்ல இருந்து வராது, அது சேர்த்தது. வீட்டுப் பாகு தேன் கலர்ல இருந்து லேசான செங்காவி வரைக்கும்தான் இருக்கும். அதுக்கு மேல ஆசைப்படாதீங்க.

கறுத்துப் போச்சின்னா ரெண்டே சந்தேகம், பாத்திரம், தண்ணி.

இரும்புச் சட்டில காய்ச்சினீங்களா, இல்ல இரும்புக் கரண்டிய உள்ள விட்டு மூடி வெச்சீங்களா? வேர்ல இருக்கற துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தா மை கலர் வரும். ஈயம் பூசாத பித்தளையும் அலுமினியமும் புளிப்பு சேர்க்கற பாகுக்கு ஆகாது, அதுல காய்ச்சினதை குடிக்காதீங்க. எவர்சில்வர் மட்டும்.

பாத்திரம் சரின்னா தண்ணி. பாலாத்தங்கரை நெடுக, வாணியம்பாடி, ஆம்பூர்ல இருந்து ராணிப்பேட்டை வரைக்கும், பல எடத்துல போர் தண்ணி எப்படி இருக்கும்னு நான் சொல்லித் தெரிய வேணாம், டீ போட்டாலே கலர் மங்கும். அதையே டெஸ்ட்டா வெச்சிக்கோங்க. பால் ஊத்தாத கட்டன் டீ ஒரே மாதிரி ரெண்டு டம்ளர் போடுங்க, ஒண்ணு உங்க போர் தண்ணில, இன்னொண்ணு கேன் தண்ணில. போர் தண்ணி டீ கறுத்து மங்கலா நின்னா தண்ணிதான் காரணம். அதே தண்ணி கொதிச்ச பாத்திரத்துல வெள்ளையா படியுதான்னும் பாருங்க.

சரி பண்ற வழி, செலவு கம்மில இருந்து: காவிரித் தண்ணி வர்ற அன்னிக்கு புடிச்சி வெச்சி காய்ச்சுங்க, அது இல்லன்னா ஒரு கேன் வாங்குங்க, வீட்ல ஆர்.ஓ. இருந்தா அதுல புடிங்க. பாகுக்காக மட்டும் ஆர்.ஓ. மெஷின் வாங்காதீங்க, ஒரு வருஷத்துக்கு வேணுங்கற பாகுக்கு ரெண்டு கேன் தண்ணி போதும். ஏற்கனவே கறுத்த பாகுல கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்க, தண்ணியால கறுத்திருந்தா கலர் ஓரளவு தெளியும்.

எப்ப வெளி ஆள்: டீ டெஸ்ட்ல போர் தண்ணி மாட்டிக்கிச்சின்னா, அதையேதான் குடிக்கறதுக்கும் சமைக்கறதுக்கும் யூஸ் பண்றீங்கன்னா, பாகு கதைய விடுங்க, தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட லேப் இருக்கு, அங்க குடுத்தா உப்பு, கடினத்தன்மை, இரும்பு எல்லாம் பார்த்து ரிப்போர்ட் தருவாங்க. எப்படி புடிச்சி எடுத்துக்கினு வரணும்னு மொதல்லயே கேட்டுக்கோங்க, கண்ட பாட்டில்ல புடிச்சிக்கினு போனா ரிசல்ட் தப்பா வரும்.

## பால்ல ஊத்தினா திரிஞ்சிடுது

சிட்ரிக் ஆசிட் போட்ட பாகு பாலை திரிச்சிடும், எலுமிச்சை போட்டாலும் அதே கதைதான், வெல்லம் போட்டதும் சூடான பால்ல திரியும். நன்னாரி பால் புடிக்கும்னா புளிப்பே போடாம ஒரு சின்ன பாட்டில் தனியா காய்ச்சி, மேல பேர் எழுதி ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுங்க. பால் நல்லா ஜில்லுனு இருக்கணும், பாகை கடைசில ஊத்தி ஒடனே குடிச்சிடணும். திரிஞ்சது கெட்டது இல்ல, ஆனா யாரு குடிப்பா.

## குடிச்ச அப்பால வயித்த கலக்குது

பாகைத் திட்டறதுக்கு முன்னாடி கூட என்னென்ன போச்சின்னு யோசிங்க. நல்ல கெட்டியான பாகுல கிருமி அவ்ளோ சுலபமா வளராது, அதோட கலந்த தண்ணிலயும் ஐஸ்லயும் தாராளமா இருக்கும். ஐஸ் வெளிய வாங்கினதா? சாப்பிடறதுக்கு இல்லாத ஐஸ்ல நீலக் கலர் சேர்க்கணும்னு 2018-ல இருந்து விதி இருக்கு, நீலம் தட்டின ஐஸ் வந்தா திருப்பி அனுப்புங்க. சப்ஜா விதையும் பாதாம் பிசினும் காலைல ஊற வெச்சி சாயந்தரம் வரைக்கும் வெளியவே கெடந்துச்சா? பிசின் ராத்திரி பூரா ஊறணும்னா ஃப்ரிட்ஜ்ல ஊறட்டும். ஒரே ஜாடில கலந்து வெச்ச சர்பத்தை மதியம் வரைக்கும் வெச்சி குடிச்சாங்களா? பாகா இருக்கறப்போ தாங்கும், தண்ணி கலந்த நிமிஷத்துல இருந்து அது சாதா சாப்பாட்டுச் சாமான்தான், அப்பப்போ கலந்து அப்பப்போ குடிச்சிடணும்.

குடிச்ச எல்லாருக்கும் ஆகாம ஒருத்தருக்கு மட்டும் ஆச்சின்னா அவரு வேற என்ன சாப்பிட்டாருன்னு கேளுங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆச்சின்னா அந்த பாகு, தண்ணி, ஐஸ் மூணையும் நிறுத்திடுங்க.

வாந்தி நிக்கல, ரத்தமா போகுது, ஒண்ணுக்குப் போகல, கொழந்த சோர்ந்து கெடக்குதுன்னா ஓ.ஆர்.எஸ். குடுத்துக்கினே ஆஸ்பத்திரிக்கு கெளம்பிடுங்க, சி.எம்.சி.யோ அடுக்கம்பாறை ஜி.எச்.சோ எது கிட்டவோ அங்க. வேர் மேலயே சந்தேகம் இருந்தா, மணக்காத வேர்ல போட்டதுன்னா, தலை சுத்தல், நெஞ்சு படபடப்புன்னு எது வந்தாலும் காத்துக்கினு இருக்காதீங்க. போறப்போ அந்த பாகு பாட்டிலையும் மிச்சம் இருக்கற வேரையும் ஒரு கவர்ல போட்டு கையோட எடுத்துக்கினு போய் டாக்டர்கிட்ட காட்டுங்க.